‘வேண்டாம்’ பரம்பரை

என் அக்காவுக்கு ஊரெல்லாம் ‘ஏன் டீச்சர்’ என்றுதான் பேர். அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லி வீடு கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்களே உதட்டைப் பிதுக்குவார்கள். “ஏன் டீச்சர் வீடு எது?” என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வழிகாட்டும்.

பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறாள். சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தில், சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டு இப்போது பரீட்சை எழுத வருகிற எங்களைப் போன்ற பெரிய ஆட்களுக்கு வகுப்பு. கதைப் பாடம் வந்துவிட்டால் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். கதையில் ஒருவன் கதவைச் சாத்தினான் என்று வந்தால் போதும், “ஏன் சாத்தினான்?” என்பாள். காற்று அடித்திருக்கும் என்று நாங்கள் சொன்னால், “காத்து அடிச்சா ஜன்னலச் சாத்துவாங்க, கதவ ஏன் சாத்துறான்?” என்பாள். அவனுக்கு யார் மேல் கோபம், அந்தக் கோபத்தை அவன் அப்பாவிடமிருந்து வாங்கினானா, அம்மாவிடமிருந்து வாங்கினானா என்று நோண்டி நொங்கெடுக்காமல் விடமாட்டாள். “மனுஷன் எதையும் சும்மா செய்ய மாட்டான். அவன் ஒரு காரியம் செஞ்சா, அவன் குடும்பமே அவன் முதுகுக்குப் பின்னால வரிசையா நிக்கும்” என்பது அவளுடைய வேதவாக்கு.

இவ்வளவு பேசுகிறவள் தன்னைப் பார்த்து ஒரு ‘ஏன்’ கேட்டுக்கொள்வாளா? மாட்டாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நான் அவளுக்கு ஒரே தங்கை, தையல்காரி. பயிற்சி நிலையத்தில் தையல் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். ஓடிப்போய் நின்றேன். பள்ளி இறுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். மொழிப்பாடத்தில் கோட்டை விட்டவள் நான். அக்கா மொழி டீச்சர், தங்கை மொழியில் தோல்வி! இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே எங்கள் தெருவில் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பென்சிலும் கையுமாக அக்காவின் சாயங்கால வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முட்டி மோவாயில் இடிக்கும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீடு வாசல், நகை நட்டு என்று எங்களுக்குப் பரம்பரைச் சொத்து எதுவும் கிடையாது. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவையும் கேட்டால், போனால் போகிறது என்ற முகத்தோடு வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டுகிறவன் அற்பன், காணாததைக் கண்டவன். வீட்டுக்குள் எல்லாருக்கும் இந்த வழக்கம் தெரியும் என்பதால் சிக்கல் இல்லை. வெளியே போனால்தான் ஊர் சிரிக்கும். விருந்துக்குப் போனால் அரை வயிறோடு திரும்பி வந்து, வீட்டில் மிச்சம் மீதியைப் போட்டுச் சாப்பிடுவோம். அப்பா ஒரு தடவை பல் டாக்டரிடம் போனார். டாக்டர் தட்டித் தட்டி, “வலிக்குதா?” என்றிருக்கிறார். “இல்லீங்க.” மறுபடி தட்டி, “இப்ப?” என்றிருக்கிறார். “இல்லீங்க.” சரி இது நல்ல பல் என்று டாக்டர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா மூன்றாம் தடவை கேட்டபோதுதான் மனிதர், “லேசா வலிக்குது” என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பெரிய வீடு ஒன்று இருந்ததாம். பாகம் பிரிக்கிற அன்றைக்கு, “நீயே எடுத்துக்கோடா”, “வேணாண்ணே, நீங்க எடுத்துக்குங்க” என்று இரண்டு பேரும் மாறி மாறி அந்த வீட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இரண்டு சுற்று முடிந்து அண்ணன்காரர் மூன்றாம் சுற்றுக்கு மூச்சை இழுப்பதற்குள், சாட்சிக்கு வந்திருந்த மைத்துனர், “அட, ஒரு வீட்டுக்காக உங்களுக்குள்ள ஏன் இத்தனை சங்கடம்? நான் எடுத்துக்கறேன்” என்றாராம். அவருடைய வாரிசுகள் இன்றைக்கும் அந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கிறார்கள். நாங்கள் வாடகை வீட்டில் குழாயடியில் சண்டை போடுகிறோம். இந்தக் கதையை எங்கள் அப்பா பெருமையாகச் சொல்வார். பெருமையாக!

நான் மட்டும் இந்தக் குடும்பத்தில் தப்பிப் பிறந்துவிட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது என் கட்சி. என் வீட்டுக்காரரைக்கூட நான்தான் கேட்டேன். அவருடைய ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, “என்னைக் கட்டிக்கிறீங்களா? ரெண்டு பக்கம் நகல் எடுத்து முடிக்கறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க” என்றேன். முதல் பக்கத்திலேயே மனிதர் சரி என்றுவிட்டார். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அக்கா அப்படியே எனக்கு நேர் எதிர். வரன்கள் வராமல் இல்லை. எல்லாவற்றுக்கும், “ஐயோ, வேணாம்” என்றாள். ‘ஐயோ’ போட்டால் அது நிஜ வேண்டாம். வெறும் ‘வேணாம்’ என்றால் இன்னும் இரண்டு தடவை கேள் என்று அர்த்தம். இந்த வித்தியாசம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லிக்குக்கூடத் தெரியும். இப்படியே அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது. நானும் போகட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் டிரைவர் வந்து சேர்ந்தார்.

பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். வயது நாற்பதுக்கு மேல், கல்யாணம் ஆகாதவர். பதவி உயர்வுக்கு அவருக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில் சொல்வார். ஆனால் அக்கா ‘ஏன்’ என்று ஆரம்பித்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சுற்றுலா வந்தவர் மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். அக்காவும் லேசுப்பட்டவளா? கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறவள் திரும்பும்போதெல்லாம் கண் முதலில் கடைசி பெஞ்சுக்குத்தான் போகும். அவர் வராத அன்றைக்கு வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிடுவாள். துணிக்கு அளவெடுக்கிற கண் எனக்கு, இதெல்லாம் தப்புமா?

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு டிரைவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். டிரைவர் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர், எனக்கு வேற ஊர் டிப்போவுக்கு மாத்தல் வந்துருக்கு. இந்த வருஷ வகுப்பெல்லாம் முடிஞ்சதும் கிளம்பணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன். எனக்கு உங்களக் கல்யாணம் பண்ணிக்க ஆசை. உங்களுக்கு விருப்பமா?”

எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. அக்காவின் காது சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

“வேணாங்க” என்றாள்.

‘ஐயோ’ இல்லை! கவனித்தீர்களா? ‘ஐயோ’வே இல்லை!

“சரிங்க டீச்சர். தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் திரும்பி நடந்தார். படி இறங்கினார். சைக்கிளை எடுத்தார். போயே போய்விட்டார். அக்கா இரண்டாவது ‘வேணாங்க’வை உதட்டில் வைத்துக்கொண்டு, வாயைக் கொஞ்சமாகத் திறந்தபடி நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தாழி சைக்கிள் ஏறிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஏண்டி போயிட்டாரு?” என்றாள் என்னைப் பார்த்து.

“நீ வேணாம்னு சொன்னே, போயிட்டாரு.”

“அது மொதல் தடவைடி!”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அவருக்கு எப்படிக்கா தெரியும்? அவரு என்ன நம்ம வீட்டுலயா பொறந்தாரு?”

“அந்த அளவுக்கு ஆசை இருந்தா இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாரா?”

“நான் இப்பவே ஓடிப்போய்ச் சொல்லிட்டு வரேன்.”

என் கையைப் பிடித்தாள் பாருங்கள், நகம் பதிந்துவிட்டது. “நீ மட்டும் வாயத் திறந்தே, இந்த ஜென்மத்துல உன்னோட பேச மாட்டேன். நீ போய்ச் சொன்னா நான் அலையுறேன்னு ஆயிடும். சத்தியம் பண்ணு.”

பண்ணித் தொலைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவளிடம் போய்ச் சத்தியம் வாங்கினாளே, அவளை என்ன சொல்வது? அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில் டிரைவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலக் கேட்டார், வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அக்காதான் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தாள். வராந்தாவில் வேண்டுமென்றே மெதுவாகப் பூட்டினாள். பூட்டியதைத் திறந்து மறுபடி பூட்டினாள். அவர், “வரேங்க டீச்சர்” என்று போய்க்கொண்டே இருந்தார். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்திருப்பாள். “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று அம்மா மூன்று தடவை கேட்டாலும் வேண்டாம்தான். அப்படி ஒன்று எங்கள் குடும்பச் சரித்திரத்திலேயே நடந்ததில்லை.

கடைசி வகுப்பும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் டிரைவர் ஊரை விட்டுப் போகிறார்.

அன்றைக்குப் பாடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சிறுகதை. அப்பா இறந்த பிறகு ஒரு குடும்பம் பழைய வீட்டைக் காலி செய்கிறது. அண்ணன், அக்கா, தம்பி என்று மூன்று பேர். நாலு தலைமுறையாக வீட்டில் இருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று மிஞ்சுகிறது. விற்றுவிடலாம் என்கிறான் அண்ணன். “எனக்கு வேண்டாம், என் வீட்டில் இடமில்லை” என்கிறாள் அக்கா. தம்பி ஒன்றுமே சொல்வதில்லை. விடிந்ததும் அந்தக் கண்ணாடியை முதுகில் கட்டிக்கொண்டு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போய், அக்கா வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். கதவைத் திறந்த அக்கா அதைப் பார்த்து அழுகிறாள். அவ்வளவுதான் கதை. கீழே கேள்வி: தம்பி கண்ணாடியைச் சுமந்து சென்றதற்கான காரணத்தை விளக்குக.

நாங்கள் எல்லாரும் கடையில் விற்கிற நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தோம். “குடும்பப் பாரம்பரியத்தின் மீது தம்பி கொண்டிருந்த பற்றே காரணம் ஆகும்” என்று ஒரே குரலில் ஒப்பித்தோம்.

“பற்று ஆயிரம் பேருக்கு இருக்கு. ஆயிரம் பேரும் கண்ணாடியத் தூக்கிட்டுத் தெருவுல திரியுறாங்களா? இவன் ஏன் தூக்கினான்?” என்று ஆரம்பித்தாள் அக்கா. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இது அவளுடைய பாடம் நடத்தும் முறை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் நாம் நாம் இல்லை, கதையில் வருகிற ஆள். வகுப்பு கேள்வி கேட்கும், அந்த ஆளாகவே பதில் சொல்ல வேண்டும். எழுந்தால்தான் மறுபடி நம் சொந்தப் பிழைப்பு.

“யாரு தம்பி?” என்றாள் அக்கா. யாரும் எழவில்லை. மீன் விற்கிற அக்கா ஒருத்தி எங்களோடு படிக்கிறாள், மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு. “அந்தக் கடைசி பெஞ்சு ஆள உக்கார வைங்க டீச்சர். வருஷம் பூரா வாயே திறக்கல, இன்னைக்காவது முத்து உதிரட்டும்” என்றாள். வகுப்பே சிரித்தது. டிரைவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருகிறவர் மாதிரி நேராக உட்கார்ந்தார். அக்கா சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டாள்.

மீன்கார அக்காதான் முதலில் பிடித்தாள். “ஏம்ப்பா தம்பி, முதுகு வலிக்கலையா?”

“வலிச்சுதுங்க.”

“அப்புறம் எதுக்குத் தூக்கினே?”

டிரைவர் இல்லை என்று தலையாட்டினார். “நான் தூக்கலைங்க.”

“யோவ், கதையில தூக்கினியே!”

“கதையில தூக்கியிருக்காரு. நானா இருந்தாத் தூக்கியிருக்க மாட்டேன்.”

“நாற்காலியில நீங்க இல்லை, தம்பிதான் இருக்கான்” என்றாள் அக்கா.

“சரிங்க டீச்சர். தம்பியாவே சொல்றேன். நான் தூக்கினது தப்பு.”

பெஞ்சுகள் குலுங்கின. எங்களோடு படிக்க வந்து, வகுப்பு ஆரம்பித்ததுமே தூங்கிவிடும் வாட்ச்மேன்கூடக் கண்ணைத் திறந்து, “யாரு, என்ன தப்பு பண்ணா?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏன் தப்பு?”

“அக்கா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வேண்டாம்னவங்க வாசல்ல ஒண்ணக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்தா, அது அன்பு இல்லைங்க. பாரம்.”

“அவ அழுதாளே! கதையில எழுதியிருக்கே, அழுதாள்னு!”

“வைக்க இடம் இல்லாமக்கூட அழுதிருக்கலாம் டீச்சர்.”

மீன்கார அக்கா பெஞ்சில் ஓங்கித் தட்டிச் சிரித்தாள். “மனுஷன் பேசினாலும் பேசுறாரு, அடி ஆத்தாடி!” நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் நாக்கு நுனியில் நின்ற சத்தியம் எந்த நிமிடமும் வழுக்கி விழுவேன் என்றது.

“அவ மனசுல வேணும்னு இருந்திருக்கும்” என்றாள் அக்கா. குரல் ஒரு படி ஏறிவிட்டது.

“இருந்திருக்கலாம். அவங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?”

“இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்ல? ஒரு தடவை கேட்டுட்டு அப்படியே போயிடறதா? அவ்வளவுதானா ஆசை?”

டீச்சருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் புரியவில்லை. டிரைவருக்குப் புரிந்ததா என்றும் தெரியவில்லை. அவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்கு ஒரே அக்கா டீச்சர். ஒரு சம்பந்தம் வந்துச்சு. வேண்டாம்னு சொன்னா. அப்பா மறுபடி கேட்டாரு, வேண்டாம்னா. சித்தப்பா வந்து கேட்டாரு, மாமா வந்து கேட்டாரு. கேட்டுக் கேட்டே அவளத் தலையாட்ட வெச்சாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். போன இடத்துல அவ ஒரு நாளும் நல்லா இல்லை. எங்க வீட்டுல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். யாராவது என்கிட்ட வேண்டாம்னு சொன்னா எனக்கு ஒரு தடவை போதும். ரெண்டாவது தடவை கேக்க எனக்கு வாய் வராது. ஆசை இல்லாம இல்லைங்க.”

தம்பியாகச் சொன்னாரா, தானாகச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்தே எனக்கு அழுகை வந்தது. அவள் எப்போதும் சொல்வாளே, ஒருவன் முதுகுக்குப் பின்னால் குடும்பமே வரிசையாக நிற்கும் என்று. டிரைவர் பின்னால் அவருடைய அக்கா நின்றுகொண்டிருக்கிறாள், இவள் பின்னால் வீட்டை விட்டுக்கொடுத்த கொள்ளுத்தாத்தாவும் பல்லை விட்டுக்கொடுத்த அப்பாவும் நின்றுகொண்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போகப் போகிறது. நாளைக்குக் காலையில் பஸ் கிளம்பிவிடும். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. சத்தியம் என்ன? டிரைவரிடம் போய்ச் சொல்ல மாட்டேன் என்றுதானே? வகுப்பில் கேள்வி கேட்க மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்?

கையைத் தூக்கினேன். “டீச்சர், தம்பியக் கேட்டாச்சு. வேண்டாம்னு சொன்ன அந்த அக்காவ யாரும் கேக்கவே இல்லையே? அவளையும் நாற்காலிக்குக் கூப்பிடுங்க.”

“நேரமாச்சு” என்றாள் அக்கா, திரும்பாமலே.

“கூப்பிடுங்க, கூப்பிடுங்க!” என்று மீன்கார அக்கா கை தட்டினாள். “யாரு உக்காருறது? நீங்களே உக்காருங்க டீச்சர். வருஷம் பூரா எங்களையே வறுத்தீங்கல்ல?”

வகுப்பே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அக்கா வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் என்னை ஒரு முறை முறைத்தாள், வீட்டுக்கு வா உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். நான் பார்க்காத மாதிரி எழுந்து நின்றேன்.

“கண்ணாடி வேணாம்னு ஏன் சொன்னீங்க?”

“வீட்டுல இடமில்லை.”

“அது நோட்ஸ்ல இருக்கற பதில். ஏன் சொன்னீங்க?”

அக்கா உதட்டைக் கடித்தாள். “பழக்கம்.”

“என்ன பழக்கம்?”

“எங்க வீட்டுல... யாரும் வேணும்னு சொன்னதில்லை. சொன்னா அசிங்கம். அடுத்தவங்க கேட்டுக் கேட்டுக் குடுக்கணும்.”

“கேட்டுக் குடுக்கற ஆளே இல்லைன்னா?”

“இல்லாமயே இருந்துடுவோம். அப்படி எத்தனையோ இல்லாம இருந்தாச்சு.”

நான் விடவில்லை, இந்த இடத்தில் விட்டால் நான் தங்கையே இல்லை.

“தம்பி கண்ணாடியத் தூக்கிட்டு வரலைன்னு வெச்சுக்குங்க. உங்க வார்த்தைய மதிச்சு ஊரை விட்டே போயிடறான். இனிமே அந்தக் கண்ணாடி உங்க கண்ணுலயே படாது. இப்பச் சொல்லுங்க. அது உங்களுக்கு வேணுமா, வேணாமா?”

அக்கா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வாய் ‘வே’ என்று திறந்தது. எங்கள் பரம்பரையே அந்த வாய்க்குள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

“வேணும்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்து அவரும் தட்டினார். “அப்பப்பா, டீச்சர் என்னமா நடிக்கறாங்க! கண்ணுல நிஜமாவே தண்ணி!” என்று மீன்கார அக்கா மூக்கைச் சிந்தினாள். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். டிரைவரும் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மாணவர்! கதையில் வருகிற அக்கா சொன்னதற்கு மரியாதையாகத் தட்டிவிட்டு, புத்தகத்தை மூடி, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எனக்கு அந்தப் பையைப் பிடுங்கி வீச வேண்டும் போல இருந்தது.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள்.

நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் இருக்கிற சந்தில் முட்டி இடித்துக்கொண்டு, புடவை ஆணியில் மாட்டிக் கிழிகிற சத்தம் கேட்டும் நிற்காமல், நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்றாள்.

“வேணும்” என்றாள் மறுபடியும்.

டிரைவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு விழித்தார். “கண்ணாடியாங்க டீச்சர்?”

“கண்ணாடிய யாருங்க கேட்டா! உங்களத்தான் கேக்குறேன். நான் இப்ப நாற்காலியில இல்லை, நல்லாப் பாத்துக்குங்க. என் வாயால கேக்குறேன். எனக்கு நீங்க வேணும்.”

புடவை கிழிந்து தொங்குகிறது, கால் மட்டும் நட்ட இடத்தை விட்டு நகரவில்லை. என் அக்கா! வாழ்க்கையில் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கத் தெரியாத என் அக்கா! வகுப்பு மொத்தமும் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. மீன்கார அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு, “அடிப்பாவி, இது பாடம் இல்லடி” என்று என் தோளில் ஒன்று போட்டாள்.

டிரைவர் யோசிக்கவே இல்லை.

“சரிங்க டீச்சர்” என்றார். பிறகு அந்தக் குட்டிப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்கு வராந்தாவுல விட்ட மூச்சு, இப்பத்தாங்க எனக்குத் திரும்பி வருது.”

அக்கா அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.